ரயிலடியில் ஒரு புதுப்பேட்டை: சேலம் வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: சேலம் சந்திப்பிலிருந்து வரைபடத்தில் 700 மீட்டர் தொலைவில் எங்கள் மனை உள்ளது. நிலையத்தைச் சார்ந்த வளர்ச்சிப் பகுதிக்குள் அது வருமா?

வரைபடத்தை மடித்துவைத்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி நிலைய வாசலிலிருந்து வீடுவரை ஒருமுறை நடந்து பாருங்கள். நிலையத்தைச் சார்ந்த வளர்ச்சி என்பது, நடந்தே ரயிலுக்குப் போகும் தொலைவில் வீடுகளையும் கடைகளையும் நெருக்கமாக அமைப்பது. அதற்கான 2017ஆம் ஆண்டின் தேசியக் கொள்கை, நிலையத்தைச் சுற்றி 500 முதல் 800 மீட்டர் வரை, அதாவது ஏறத்தாழ பத்து நிமிட நடைக்குள் அடங்கும் பகுதியைக் குறிக்கிறது. 800 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு சுமார் 200 ஹெக்டேர். ஆனால், தெருக்கள் வளைந்தும் முட்டுச்சந்தில் முடிந்தும் நடையை 1.4 மடங்கு நீட்டினால், அதே பத்து நிமிடத்தில் எட்டக்கூடிய பரப்பு ஏறத்தாழ 100 ஹெக்டேராக, பாதியாகக் குறைந்துவிடும். தண்டவாளமே மதிலாக நிற்கும் பக்கத்தில் இழப்பு இன்னும் அதிகம். எனவே, உயரமான கட்டடம் ஒன்றைவிட, தண்டவாளத்தைக் கடக்கும் நடைமேம்பாலம் ஒன்று அதிக வீடுகளை நிலையத்துக்கு அருகில் கொண்டுவரக்கூடும்.

கேள்வி: கீழே கடை, மேலே வீடு என்றால் குடும்பத்தோடு நிம்மதியாக வசிக்க முடியுமா?

சேலத்துக்காரர் இதைக் கேட்பது எனக்குச் சற்று வியப்புதான். செவ்வாய்ப்பேட்டையின் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளும் அம்மாபேட்டையின் தறிகளும் வீட்டோடு வீடாகவே வளர்ந்தவை. மளிகை, மருந்துக்கடை, தையற்கடை ஆகியவற்றால் தொல்லை இல்லை. லாரி வந்து சரக்கு இறக்கும் மொத்த விற்பனைக் கிடங்கு மட்டும் ரயிலடிக்கு வேண்டாம். அது இடத்தை அடைத்துக்கொள்ளும், ஆட்களைக் கொண்டுவராது.

கேள்வி: தளப்பரப்புக் குறியீட்டை (மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்ற அளவை) உயர்த்தினால் வளர்ச்சி தானாக வந்துவிடாதா?

மனை விலைதான் முதலில் உயரும். வாடகைக்குக் குடியிருப்போர் ஊருக்கு வெளியே தள்ளப்படுவர். சில நிமிடங்களுக்கு ஒரு ரயில் வரும் பெருநகர மெட்ரோவை மனத்தில் வைத்தே அடர்த்தியைப் பற்றிப் பேசுகிறோம். ஜோலார்பேட்டை–ஈரோடு பாதையோடு ஓமலூர், நாமக்கல், விருத்தாசலம் பாதைகளும் இணையும் சேலம் சந்திப்போ, பெரும்பாலும் தொலைதூரப் பயணிகளுக்கான நிலையம். ஆண்டுக்குச் சில முறை பெட்டியோடு வருபவரை நம்பித் தெருக்கடை பிழைக்காது. விருத்தாசலம் பாதையில் உள்ள டவுன், மார்க்கெட் நிலையங்களைச் சுற்றி நடக்கத்தக்க பழைய தெருக்கள் இருந்தும், அங்கே அடிக்கடி ரயில் இல்லை. ஆகவே, நாள்முழுதும் ஓடும் டவுன் பஸ்ஸை ரயிலடி வாசலிலேயே நிழற்குடையோடு நிறுத்துவதும், உள்ளூர் ரயில்களைக் கூட்டுவதும் முதல் வேலை. குறியீட்டை அதன் பிறகு, சிறு வாடகை வீடுகளுக்கு ஒரு பங்கு ஒதுக்கும் நிபந்தனையோடு உயர்த்தலாம்.

கேள்வி: நடைபாதை எவ்வளவு அகலம் இருக்க வேண்டும்?

சாலை அமைப்புக்கான தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸின் 2012 வழிகாட்டுதல் சொன்னபடி, குடியிருப்புத் தெருவில் தடையற்ற அகலம் குறைந்தது 1.8 மீட்டர், வணிகப் பகுதியில் 2.5 மீட்டர், விளிம்புக்கல்லின் உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. மின்மாற்றியும் விளம்பரப் பலகையும் நிற்கும் இடத்தை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. சாக்கடை மூடியையே நடைபாதை என்று அழைக்கும் வழக்கத்தையும் விட்டுவிடலாம். கடைக்காரர்களுக்கும் பூக்காரம்மாவுக்கும் தனியே ஓர் ஓரம் ஒதுக்கினால், நடப்பவர் சாலையில் இறங்க வேண்டியிராது.

கேள்வி: வண்டி நிறுத்த இடம்?

கட்டணத்தோடு, ஐந்து நிமிட நடைத் தொலைவில் அமையட்டும். நிலைய வாசலை ஒட்டிய மனைகள் வீட்டுக்கும் கடைக்கும் உரியவை.