பூனைக்காலி ஊறிய தண்ணீர் ஏன் கறுக்கிறது? விதை வேதியியல் கேள்வி பதில்

முதுகலை வேதியியல் மாணவி, திருச்சி: சார், ப்ராஜெக்ட்டுக்குப் பூனைக்காலி விதை எடுத்திருக்கிறேன். பொடியைத் தண்ணீரில் ஊறவைத்தால் கறுத்துப்போகிறது. விதை கெட்டுவிட்டதா?

கெடவில்லை அம்மா. நீங்கள் தேடும் எல்-டோபாதான் (பார்க்கின்சன் நோய்க்கு மருந்தாகும் அமினோ அமிலம்) அப்படிக் கறுக்கிறது. காற்று பட்டதும் மெலனின் போன்ற நிறமியாக மாறிவிடும். நம் தலைமுடிக்குக் கறுப்பு தரும் மெலனினும் உடலில் டோபா வழியாகத்தான் உருவாகிறது. ஆக, பீக்கர் கறுக்கக் கறுக்க உங்கள் பொருள் தீர்ந்துகொண்டே போகிறது. வெறும் தண்ணீர் வேண்டாம், 0.1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவையுங்கள். அமிலத்தில் இந்த மாற்றம் வெகு மெதுவாகத்தான் நடக்கும். வடிகட்டி, அன்றைக்கே சிலிக்கா தட்டில் (கலவையைப் பிரித்துக்காட்டும் மெல்லிய பூச்சுத் தட்டு) ஒரு பொட்டு வையுங்கள். பக்கத்திலேயே விலைக்கு வாங்கிய தூய எல்-டோபாவில் ஒரு பொட்டு. கரைப்பான் ஏறியதும் தட்டை உலர்த்தி, அமினோ அமிலத்தை நிறமாகக் காட்டும் நின்ஹைட்ரின் தெளித்துச் சூடாக்குங்கள். இரண்டும் ஒரே உயரத்தில் ஒரே நிறத்தில் வந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. மீதிக்கு எச்.பி.எல்.சி., அதாவது கலவையைப் பிரித்து அளக்கும் கருவி; 280 நானோமீட்டர் புற ஊதா ஒளியில் அளக்க வேண்டும்.

ஒன்று சொல்ல ஆசை. பூனைக்காலி விதையிலிருந்து எல்-டோபாவைப் பிரித்தெடுத்து 1937-ல் கட்டுரை வெளியிட்டவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாமோதரனும் ராமசாமியும். எச்.பி.எல்.சி. என்ற கருவியே அப்போது கிடையாது. நம் ஊர் மாணவர்கள் அந்தக் கட்டுரையைத் தேடிப் படிக்க வேண்டும்.

இளங்கலை மாணவர், நாகர்கோவில்: எங்கள் கல்லூரியில் அந்தக் கருவி இல்லை. நிறச் சோதனை மட்டும் போதாதா?

தொடங்கப் போதும், முடிவு சொல்லப் போதாது. டிராகன்டார்ஃப் கரைசலில் ஆரஞ்சு நிறம் வந்தால் ஆல்கலாய்டு (தாவரங்களில் உள்ள, நைட்ரஜன் கொண்ட காரப் பொருள்) இருக்கலாம் என்று மட்டும்தான் பொருள். எந்த ஆல்கலாய்டு, எவ்வளவு என்று அது சொல்லாது. அறிக்கையில் அதற்கு மேல் எழுதாதீர்கள்.

விவசாயி, ஒட்டன்சத்திரம் பக்கம்: ஐயா, கண்வலிக்கிழங்கு விதையை இவ்வளவு விலை கொடுத்து வாங்கிப்போகிறார்களே, அதில் என்னதான் இருக்கிறது?

முக்கியமாக இரண்டு. கோல்ச்சிசின், கவுட் என்கிற மூட்டு வாதத்துக்கு மாத்திரையாகிறது. கோல்ச்சிகோசைடைக் கொஞ்சம் மாற்றி, தசைப்பிடிப்புக்கான தயோகோல்ச்சிகோசைடு செய்கிறார்கள். இதே கோல்ச்சிசின் செல் பிரிவதையே நிறுத்திவிடும். அளவு மீறினால் உயிர் போகும், விஷமுறிவு மருந்தும் கைவசம் கிடையாது. விதை காயும் களத்தில் குழந்தைகளை விடாதீர்கள். கையுறை போடுங்கள், வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கைவைத்தியம் என்று யார் சொன்னாலும் விதையோ கிழங்கோ வாயில் படக் கூடாது.

இல்லத்தரசி, மதுரை: வெந்தயம் ஊறிய தண்ணீரைக் குலுக்கினால் நுரைக்கிறதே?

சபோனின், சோப்புபோல் நுரைக்கும் தாவரப் பொருள். ஸ்டீராய்டு மருந்துகளுக்கு மூலப்பொருளான டயோஸ்ஜெனின் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். விதையில் அது சர்க்கரையோடு பிணைந்து சபோனினாகவே இருக்கிறது. ஆய்வகத்தில் அமிலத்தோடு கொதிக்க வைத்தால்தான் தனியே வரும்.

பள்ளி ஆசிரியை, ஈரோடு: வகுப்பில் செய்துகாட்ட ஒரு சோதனை சொல்லுங்கள்.

நல்லெண்ணெய் எடுங்கள். அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் துளி சர்க்கரையும் சேர்த்துக் குலுக்கி வைத்தால், அடியில் தங்கும் அமிலம் சிவக்கும். எள்ளில் உள்ள செசமோலின் தரும் நிறம் அது. வனஸ்பதியில் 5 சதவீதம் நல்லெண்ணெய் சேர்க்கச் சொல்லிச் சட்டம் போட்டதே இதற்காகத்தான்: நெய்யில் வனஸ்பதியைக் கலந்தால் இந்தச் சிவப்பு காட்டிக்கொடுத்துவிடும். அமிலத்தை மட்டும் நீங்களே கையாளுங்கள், பிள்ளைகளிடம் தர வேண்டாம்.

வாசகர், கோவை: அப்பாவுக்குப் பார்க்கின்சன். மாத்திரையோடு பூனைக்காலிப் பொடியும் கொடுக்கலாமா?

நீங்களாகக் கொடுக்காதீர்கள். மாத்திரையிலும் பெரும்பாலும் எல்-டோபாதான் இருக்கும். பொடியும் சேர்ந்தால் அளவு கூடிவிடும். 100 கிராம் விதையில் சுமார் 4 முதல் 6 கிராம் வரை எல்-டோபா இருக்கும், விதைக்கு விதை மாறும். உங்கள் டப்பாவில் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. ஏற்கெனவே கொடுத்திருந்தால் மறைக்க வேண்டாம். அடுத்த முறை நரம்பியல் மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அந்த டப்பாவையும் கையோடு எடுத்துப்போங்கள்.