லிஃப்டில் ஒட்டப்பட்ட துண்டு

மதிப்புக்குரிய ஐயா,

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஓர் ஒழுங்கையில், ஆறு மாடித் தொடர்மாடி ஒன்றின் நான்காம் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். மகளுக்கு 13 வயது. ஐந்து ஆண்டுகளாக வயலின் பயில்கிறாள். வட இலங்கைச் சங்கீத சபையின் அடுத்த தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகிறாள். 9 வயது மகன் இந்த ஆண்டு மிருதங்கம் தொடங்கியிருக்கிறான். கடந்த மாதம் லிஃப்டினுள் ஒரு துண்டு ஒட்டப்பட்டிருந்தது: “இது குடியிருக்கும் இடம், சங்கீத வகுப்பு அல்ல. அயலவரையும் நினைக்கவும்.” பெயர் இல்லை. தமிழிலேயே எழுதியிருந்ததுதான் எனக்கு அதிக வேதனை. கீழ்வீட்டு மாமிதான் ஒட்டியிருப்பார் என்று நினைக்கிறேன். அவருடைய கணவர் சத்திரசிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்திருக்கிறார். ஆனால் அவர்களுடைய தொலைக்காட்சி நாடகம் எங்கள் வீட்டுக்குள் கேட்கிறது. காலி வீதி பஸ்களின் ஹோர்ன் சத்தமும் நாள் முழுவதும் கேட்கிறது. அதற்கெல்லாம் யாரும் துண்டு ஒட்டுவதில்லை. அன்றிலிருந்து மகள் அறைக்கதவைப் பூட்டிக்கொண்டு பயந்து பயந்து வாசிக்கிறாள். சுவரில் முட்டைத் தட்டுகளை ஒட்டும்படி சிலர் சொல்கிறார்கள். அந்தத் துண்டுக்குப் பதில் எழுதி அதே இடத்தில் ஒட்டலாமா என்றும் யோசிக்கிறேன். நாங்கள் என்ன செய்வது?

ஒரு தாய், வெள்ளவத்தை

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: அப்படியொரு பெயரில்லாத துண்டை நானும் ஒருமுறை எழுதியிருக்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் பம்பலப்பிட்டியில் ஒரு மாடிவீட்டின் கீழ்த்தளத்தில் குடியிருந்தேன். மேல்வீட்டில் ஒரு சிறுவன் மிருதங்கம் பழகினான். தீர்மானம் என்ற முடிப்புக் கோர்வையை மூன்று முறை வாசித்து, தாளத்தின் முதல் அடியான சமத்தில் வந்து சேர வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவன் இரண்டு முறை சரியாக வாசிப்பான். மூன்றாவதில் இடறி நிறுத்திவிட்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவான். நான் எழுத வேண்டியதை எழுதாமல், வராத அந்தச் சமத்துக்காகப் பேனையைக் கையில் பிடித்தபடி காத்திருப்பேன். ஒருநாள் பின்னேரம் இரண்டு வரிகள் எழுதி அவர்களுடைய கதவின் கீழே தள்ளிவிட்டு, களவெடுத்தவனைப்போலப் படியிறங்கி வந்தேன். பெயர் எழுதாததற்குக் காரணம் கோழைத்தனம்தான் என்றாலும், அதற்குள் வேறொன்றும் இருந்தது. ஒரு பிள்ளை கலை பழகுவது தனக்குக் கரைச்சலாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்வது, கோயில் மணிச்சத்தம் பிடிக்கவில்லை என்று சொல்வதைப்போல, நம்மவர்களிடையே வெட்கத்துக்குரிய காரியம். அதனால் மனிதர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் பெயரில்லாமல் எழுதுகிறார்கள்.

நான்கு நாட்கள் மேலே சத்தமில்லை. ஐந்தாம் நாள் மாலை 5 மணிக்கு மிருதங்கம் தொடங்கி 6 மணிக்கு நின்றது; அதன்பின் ஒவ்வொரு நாளும் அப்படியே நடந்தது. ஒருநாள் படியில் எதிர்ப்பட்ட அந்தப் பிள்ளையின் அம்மம்மா, யாருக்கோ சொல்வதுபோல, “ஐஞ்சு மணிக்குத் தொடங்கினா ஆறு மணிக்கு முடிச்சிடுவான்” என்று சொல்லிவிட்டுப் போனார். அடி அதே அடி, இடறலும் அதே இடறல். ஆனாலும் அது என்னை வதைப்பது நின்றுபோயிற்று. 5 மணிக்கு நான் கடற்கரைப் பக்கம் நடக்கப் போய்விடுவேன், அல்லது எழுத்தை மூடிவைத்துவிட்டுக் கடிதங்களுக்குப் பதில் எழுதுவேன். அதுவரை என்னை வருத்தியது சத்தத்தின் அளவு அல்ல, அது எப்போது தொடங்கும், எப்போது முடியும் என்று தெரியாமல் இருந்ததுதான் என்பது அப்போது விளங்கியது.

பஸ் ஹோர்னோடும் தொலைக்காட்சியோடும் வயலினை ஒப்பிட்டு நீங்கள் கேட்கும் கேள்வி நியாயமானதாகத் தோன்றினாலும், அதை நான் ஏற்கவில்லை. ஹோர்ன் சத்தத்தை நாம் கேட்பதில்லை. அது காதில் விழுகிறது, அவ்வளவுதான். இசையோ மனத்தைப் பிடித்து இழுப்பதற்கென்றே உண்டானது. காதுள்ளவர் அதைப் பின்தொடராமல் இருப்பது கடினம். ஜெர்மானிய மெய்யியலாளர் காண்ட் 1790 இல் எழுதும்போது, இசைக்கு நாகரிகம் சற்றுக் குறைவு என்று குறைப்பட்டுக்கொண்டார்; வாசனை பூசிய கைக்குட்டையை ஒருவர் வெளியே எடுத்தால் அருகிலிருப்போர் அனைவரும் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அதை முகர வேண்டியிருப்பதுபோல, இசையும் அழைக்காத அயலாரிடம் போய்ச் சேர்ந்துவிடுகிறது என்பது அவருடைய வாதம். (தம் வீட்டருகே இருந்த சிறையில் கைதிகள் உரத்துத் தோத்திரம் பாடியது பற்றி நகரத் தலைவருக்கு முறைப்பாடு எழுதியவர் அவர் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.) மேலும் உங்கள் அயலவரின் காதில் விழுவது இசைகூட அல்ல, சாதகம், அதாவது பயிற்சி. கச்சேரியில் வர்ணம் என்ற உருப்படி ஒன்றை முழுதாகக் கேட்பது ஒன்று; அதே வர்ணத்தின் முத்தாயி ஸ்வரம் என்ற பகுதியில் பிசகும் ஓரிடத்தை நாற்பது தடவை கேட்பது வேறொன்று. அந்த நாற்பது தடவையும் உங்கள் மகளுக்கு அவசியமானவை. அவற்றைக் கேட்க வேண்டிய கடமை மட்டும் வேறு எவருக்கும் இல்லை.

முட்டைத் தட்டுகளைத் தயவுசெய்து ஒட்டாதீர்கள். அவை காகிதக்கூழால் ஆன, எடையற்ற பொருட்கள். சத்தத்தைத் தடுப்பது எடை. ஒரு சுவரின் எடையை இரு மடங்காக்கினாலும் கணக்கின்படி ஏறக்குறைய 6 டெசிபல்தான் கூடுதலாகத் தடைபடும் என்றால், முட்டைத் தட்டு எதைத் தடுக்கும்? அறைக்குள் எழும் எதிரொலியின் கூர்மையை அது சற்று மழுக்கும், கரப்பான் பூச்சிக்கு நல்ல வீடாகும், தீப்பிடித்தால் விரைந்து எரியும். தவிரவும், கொழும்பின் வெக்கையில் நம் வீடுகளில் சத்தம் சுவர் வழியாகப் போவதைவிட யன்னல் வழியாகவே அதிகம் போகிறது. கடற்காற்றுக்காகத் திறந்துவைக்கும் யன்னலின் வழியே வெளியேறும் வயலின் ஒலி, மேல்மாடியிலும் அதேபோலத் திறந்திருக்கும் யன்னலுக்குள் நுழைகிறது. பல தொடர்மாடிகளில் குளியலறைகளுக்குக் காற்றும் வெளிச்சமும் வருவதற்காக நடுவில் கிணறுபோல ஒரு வெளி விட்டிருப்பார்கள். அதையொட்டிய அறையில் வாசித்தால் நாதம் நன்றாகக் கேட்கிறது என்று பிள்ளைகள் அங்கேதான் போய் நிற்பார்கள். அடி மாடியிலிருந்து உச்சி மாடிவரை அத்தனை வீட்டுக்கும் ஒலியைக் கொண்டுசெல்லும் குழாய் அது. ஆகவே துண்டை ஒட்டியவர் கீழ்வீட்டு மாமிதான் என்ற உங்கள் ஊகம் தவறாகவும் இருக்கலாம். வயலினைப் பொறுத்தவரை நான் மேல்வீட்டையே முதலில் நினைப்பேன்.

மிருதங்கத்தின் கதை வேறு. தொப்பி எனப்படும் இடப்பக்கத்தின் தாழ்ந்த ஒலி கதவையோ திரையையோ பொருட்படுத்தாது. தரையைத் தொடும் அதன் பலாக்கட்டை உடல் கொங்கிறீட்டையும் அதிரவைக்கும், கீழ்வீட்டாருக்கு அது கூரையில் தட்டுவதுபோலக் கேட்கும். தடித்த றப்பர் விரிப்பின் மேல் மடித்த கம்பளத்தைப் போட்டு, அதன் மேல் மகனை உட்காரவையுங்கள். முழுத் தீர்வு அல்ல என்றாலும் பயன் உண்டு. அதைவிட முக்கியமானது, 9 வயதில் தொடங்கியிருக்கும் பிள்ளை தோலில் அடிக்க வேண்டிய நேரம் மிகக் குறைவு என்பது. அடிகளைக் குறிக்கும் சொற்கட்டுகளைக் கையால் தாளம் போட்டு வாயால் சொல்லிப் பழகுவதே அவனுடைய பாடத்தின் பாதி. வாயால் சொல்ல வராதது கையில் வராது என்று ஆசிரியர்கள் சொல்வது அயலவரின் நன்மைக்காக அல்ல. அந்தப் பாதியை இரவு 9 மணிக்குக்கூடச் செய்யலாம். தோலில் வாசிக்கும் அரை மணித்தியாலத்தை, கட்டடத்தின் முகாமைக் குழு அனுமதித்தால், மொட்டைமாடியில் தண்ணீர்த் தாங்கியின் பக்கம் வைத்துக்கொள்ளலாம். யாருடைய படுக்கையறைக்கும் நேர் மேலே உட்காராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மகளைப் பற்றியே எனக்குக் கவலை அதிகம். சத்தம் வெளியே போகக்கூடாது என்று பயந்து வாசிக்கும் பிள்ளை வில்லின் நுனியால் மட்டும் வருடத் தொடங்குவாள். நாதம் மெலியும், கை இறுகும், எப்படியாவது முடித்துவிட வேண்டும் என்று வேகம் கூடும். அந்தப் பழக்கம் படிந்துவிட்டால் மாற்றுவதற்கு ஆண்டுகள் எடுக்கும். ஆகவே மெதுவாக வாசி என்று அவளிடம் சொல்லாதீர்கள். நாளொன்றில் 40 நிமிடம் முழு வில்லோடு, அச்சமின்றி வாசிக்கட்டும். மிச்சத்தை ஓசை குறைந்த வேலைகளாக மாற்றுங்கள். வில்லைக் கீழே வைத்துவிட்டு, வர்ணத்தின் இரண்டாம் காலத்தை, அதாவது இரு மடங்கு வேகத்தில், இடக்கை விரல்களால் மட்டும் தந்தியில் போட்டுப் பார்ப்பது, ஸ்வரங்களைத் தாழ்ந்த குரலில் பாடுவது, பிசகும் இடத்தைத் தாளம் போட்டுச் சொல்வது ஆகிய மூன்றுக்கும் அயலவரின் சம்மதம் தேவையில்லை. தந்திகளைத் தாங்கும் மரத்துண்டான குதிரையின் மேல் மாட்டும் மியூட் என்ற சிறு கருவியும் உண்டு. அதில் இரண்டு விதம் இருக்கிறது. கச்சேரி வாத்தியத்தின் தொனியை மாற்றுவதற்கான மெல்லியதை வாங்கிவிட்டு ஏமாறாதீர்கள். சாதகத்துக்கென்று செய்யப்படும் கனத்த றப்பர் மியூட்டைக் கேட்டு வாங்குங்கள். அதன் எடை குதிரையின் அதிர்வை அடக்குவதால், வயலினின் சத்தம் ஏறக்குறைய ஒருவர் சாதாரணமாகக் கதைக்கும் அளவுக்கு இறங்கிவிடும். உலோகத்தாலானது இன்னும் நன்றாக அடக்கும், ஆனால் கழன்று விழுந்தால் வாத்தியத்தில் வடு விழும். எதுவானாலும் அதை மாட்டிக்கொண்டே நாள் முழுவதும் வாசிக்க விடக்கூடாது. ஒலி வரவில்லையே என்று பிள்ளை வில்லை அழுத்தத் தொடங்கிவிடும்.

எந்த 40 நிமிடம் என்பதில்தான் சாமர்த்தியம் வேண்டும். ஒரு சத்தத்தை இன்னொரு சத்தம் மறைக்கும். 2022 மார்ச் இறுதியில் 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லாமல் இருந்த நாட்கள் நினைவிருக்கும். மின்விசிறியும் தொலைக்காட்சியும் ஓய்ந்த அந்த இருட்டில், மூன்று வீடு தள்ளி யாரோ கரண்டியைக் கீழே போட்டதும் கேட்டது. அதற்கு நேர்மாறாக, வேலைநாள் மாலை 5 மணிக்கும் 7 மணிக்கும் இடையில் காலி வீதியில் ஒரு பக்கம் பஸ்களும், கரையோரப் பாதையில் மறுபக்கம் அலுவலக ரயில்களும் ஓடும்போது, உங்கள் மகளின் பைரவி ராகம் பக்கத்து வீட்டுக்கு எட்டினாலும் உறுத்தாது. பௌர்ணமி விடுமுறையான போயா நாளிலும் ஞாயிற்றுக்கிழமைக் காலையிலும் ஊர் அடங்கியிருக்கும். அப்போது அதே வில் இரு மடங்கு தூரம் கேட்கும். அதிகாலைச் சாதகம் உயர்ந்தது என்று யாராவது சொன்னால், அது சுற்றிலும் வளவுள்ள வீடுகளில் பிறந்த வழக்கம் என்பதை நினைவில் வையுங்கள். பக்கத்து வீட்டுக்காரரின் கட்டில் இருபது அடி தூரத்தில் இருக்கும் இடத்தில் அதற்கு வேலையில்லை. ஒலிபெருக்கிகளுக்கு இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை அனுமதி வழங்கக்கூடாது என்று உயர் நீதிமன்றம் 2007 இல் பணித்ததைக் காட்டி, 10 மணிவரை வாசிக்கலாம் என்று வாதாடுவோரும் இருக்கிறார்கள். நான் 8 மணிக்கே வில்லைத் தளர்த்தி வைத்துவிடச் சொல்வேன். உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை எந்த மாடியில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது.

அமெரிக்க சாக்ஸஃபோன் கலைஞர் சன்னி ரோலின்ஸ், அயல்வீட்டில் கர்ப்பிணிப் பெண் ஒருவர் இருந்ததால், 1959 முதல் 1961 வரை நியூயோர்க்கின் வில்லியம்ஸ்பர்க் பாலத்தின் மேல் போய் நின்று பயின்றார். நமக்கு அப்படியொரு பாலம் இல்லை. கடற்கரை இருக்கிறதே என்றால், உப்புக்காற்று தந்தியைத் துருப்பிடிக்க வைக்கும், ஈரம் மரத்தின் ஒட்டைக் கழற்றும். ஆசிரியரின் வகுப்பு அறை சனிக்கிழமைகளில் வகுப்புக்கு முன் ஒரு மணித்தியாலம் சும்மா கிடக்குமானால் அதைக் கேட்டுப் பாருங்கள்.

துண்டுக்குப் பதில் துண்டு ஒட்ட வேண்டாம். அது தமிழில் எழுதப்பட்டிருந்ததுதான் அதிகம் வலித்தது என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அது வேறு விதமாகத் தெரிகிறது. லிஃப்டில் ஏறும் சிங்கள, முஸ்லிம் குடும்பங்கள் எல்லாம் வாசித்து உங்களைப் பார்க்கக்கூடாது என்று ஒருவர் நினைத்திருக்கலாம். அதைக் கழற்றி எடுத்துவிட்டு, மேலே, கீழே, இரு பக்கமும் என நான்கு வீடுகளுக்கும் நேரில் போங்கள். யார் ஒட்டியது என்று கேட்காதீர்கள். அவர்களுடைய படுக்கையறை எந்தப் பக்கம், எத்தனை மணிக்குச் சத்தமில்லாமல் இருந்தால் நல்லது, வீட்டில் சுகயீனமானவர்களோ பரீட்சை எழுதுபவர்களோ உண்டா என்று மட்டும் கேளுங்கள். பிறகு உங்கள் நேரத்தைச் சொல்லி, தொலைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டு வாருங்கள். தொடங்கும் நேரம் கொஞ்சம் பிந்தினாலும் யாரும் கவனிக்கமாட்டார்கள்; முடியும் நேரம் ஐந்து நிமிடம் பிந்தினால் உங்கள் வாக்கு முறிந்துவிடும். பரீட்சை வாரத்தில் கூடுதல் நேரம் வேண்டுமானால் முன்கூட்டியே போய்ச் சொல்லுங்கள். மகளிடம் என் சார்பில் ஒன்று சொல்லுங்கள்: ஒவ்வொரு நாளும் வில்லை வைப்பதற்கு முன் நன்றாகத் தெரிந்த ஒரு கீர்த்தனையை, பிழை விட்டாலும் நிறுத்தாமல், தொடக்கம் முதல் இறுதிவரை ஒருமுறை வாசித்துவிடட்டும். சமத்துக்காகக் காத்திருப்பவர்கள் உங்கள் கட்டடத்திலும் இருக்கக்கூடும்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் 4 மணிபோல் போவது நல்லது. மாமியின் கணவர் மத்தியான நித்திரை முடிந்து எழுந்திருப்பார். மகளையும் மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள். வயலின் வீட்டிலேயே இருக்கட்டும்.

அன்புடன்.