ஒரே நெட்வொர்க் கார்டில் இரண்டு நெட்வொர்க்

அம்பத்தூர் பட்டறையிலுள்ள லினக்ஸ் கணினியில் கார்டு ஒன்றுதான். பில்லிங்குக்கும் கண்காணிப்பு கேமராக்களுக்கும் தனித்தனி நெட்வொர்க் வேண்டும், இன்னொரு கார்டு வாங்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம்.

அதே இடைமுகத்தில் (கார்டின் நெட்வொர்க் இணைப்பில்) இரண்டாவது ஐபி முகவரியைச் சேர்ப்பது சுலபம். ஆனால் அது பிரிவினை ஆகாது. ஒரே அறை வாசலில் இரண்டு பெயர்ப்பலகை மாட்டியது போலத்தான்.

உங்களுக்குத் தேவை விலேன் (VLAN), அதாவது ஒரே கம்பியில் போகும் தரவைத் தனித்தனி நெட்வொர்க்குகளாகப் பிரிக்கும் முறை. கம்பியில் போகும் ஒவ்வொரு ஈதர்நெட் தரவுப் பொட்டலத்திலும் 4 பைட் அடையாளம் சேரும். அதிலுள்ள விலேன் எண் 1 முதல் 4094 வரை இருக்கலாம். பில்லிங்குக்கு 10, கேமராவுக்கு 20 என வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு துணை இடைமுகம் உருவாக்கி, 192.168.10.1, 192.168.20.1 என வெவ்வேறு வரம்பில் முகவரி கொடுங்கள். இதை நெட்பிளான் போன்ற அமைவுக் கோப்பில் எழுதுங்கள். கட்டளையாக மட்டும் கொடுத்தால், மின்சாரம் போய் வந்ததும் எல்லாம் மறைந்துவிடும்.

பாதி வேலை, கணினியையும் கேமராக்களையும் இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச்சில் இருக்கிறது. கணினி இணையும் போர்ட் டிரங்காக, அதாவது பல விலேன்களையும் அடையாளத்தோடு கடத்துவதாக இருக்க வேண்டும். கிண்டியில் ஓர் அலுவலகத்தில் இதை மறந்துவிட்டு, அரை நாள் கணினியைத் திட்டிக்கொண்டிருந்தேன். ரிச்சி தெருவில் ஸ்விட்ச் வாங்கினால், விலேன் வசதி உண்டா என்று கேட்டே வாங்குங்கள்.

கணினியில் ஐபி ஃபார்வர்டிங்கை, அதாவது ஒரு நெட்வொர்க்கிலிருந்து வருவதை இன்னொன்றுக்கு அனுப்பும் வசதியை, அணைத்து வையுங்கள். இல்லையென்றால் நீங்கள் பிரித்த இரண்டையும் அதுவே சேர்த்துவைத்துவிடும்.