சுண்ணாம்பு வாளி ஏன் கொதித்தது என்று கேட்ட பெண்ணுக்கு என்ன படிப்பு?

திருவொற்றியூரிலிருந்து மகளோடு வந்து அவளுடைய மேற்படிப்பைப் பற்றிப் பேசிவிட்டுப் போன அப்பாவுக்கு,

அன்று கூட்டம் அதிகம், பாதியில் எழுந்துவிட்டீர்கள். "கம்ப்யூட்டர் எடு என்றால் கெமிக்கல் என்கிறாள். இந்த எண்ணூர்க் காற்றைக் குடித்தது போதாதா?" என்று கேட்டீர்கள். 2023 டிசம்பர் 26 இரவு பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்தபோது பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களில் உங்கள் தங்கையும் ஒருவர் என்றீர்கள். அந்தப் பயத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன்.

ஆனால் உங்கள் மகள் அன்று வாயைத் திறந்தது ஒரே ஒரு முறை. வெள்ளையடிக்கச் சுண்ணாம்பை வாளியில் ஊறவைத்தபோது அடுப்பே இல்லாமல் தண்ணீர் கொதித்ததே, எவ்வளவு சூடு வரும் என்று முன்னாலேயே சொல்லிவிட முடியுமா என்று கேட்டாள். முடியும். 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு தண்ணீரோடு சேர்ந்தால் சுமார் 65 கிலோஜூல் வெப்பம் வெளியேறும். ஒரு டம்ளர் தண்ணீரைக் கொதிக்கவைக்க அது தாராளம். சுண்ணாம்புக்காகக் கிளிஞ்சலைச் சூளையில் சுடும்போது உள்ளே போன வெப்பத்தில் ஒரு பங்குதான் வாளியில் திரும்பி வருகிறது. இந்த வரவுசெலவுக் கணக்குக்குத்தான் வெப்ப வேதியியல் என்று பெயர். எந்த வழியாகப் போனாலும் மொத்த வெப்பம் மாறாது என்று ஹெஸ் 1840இல் சொன்ன விதி அவளுடைய பிளஸ் ஒன் புத்தகத்திலேயே இருக்கிறது. தேர்வுக்குப் படித்துவிட்டு மறந்துபோகிற பாடம் என்று பலர் நினைக்கிறார்கள். பாவம், அந்தப் பாடத்துக்கு நல்ல ஆசிரியர் வாய்ப்பது அரிது.

இந்தக் கணக்கு யாருக்குத் தேவை? ஆய்வகக் குடுவையில் சாதுவாக இருக்கும் வினை, தொழிற்சாலைத் தொட்டியில் மிருகமாகிவிடும். குடுவையின் நீள அகல உயரத்தைப் பத்து மடங்காக்கினால் உள்ளே பிறக்கும் வெப்பம் ஆயிரம் மடங்கு. அது வெளியேறும் சுவர்ப்பரப்போ நூறு மடங்குதான். மிச்ச வெப்பம் உள்ளேயே தங்கி வினையை மேலும் விரட்டும். 1984இல் போபாலில் தொட்டிக்குள் தண்ணீர் புகுந்தபோது நடந்தது இதுதான்: வினையின் வெப்பமே மெத்தில் ஐசோசயனேட் என்ற நச்சுத் திரவத்தை ஆவியாக்கி வெளியே தள்ளியது. பெரியகுப்பத்தில் நடந்தது வேறு, அது கடலடிக் குழாயில் ஏற்பட்ட கசிவு. இரண்டையும் முன்கூட்டியே யோசித்துத் தடுப்பது ஒரு முழுநேர வேலை. உங்கள் பயம் எங்கே இருக்கிறதோ, அங்கேதான் அந்த வேலையும் இருக்கிறது.

உங்கள் பக்கத்திலேயே இன்னொன்று. ஒடிசாவிலிருந்து கப்பலில் எண்ணூர்த் துறைமுகத்துக்கு வரும் நிலக்கரி அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் எரிகிறது. அதன் தரத்தைச் சொல்லும் கருவிக்கு பாம் கலோரிமீட்டர் என்று பெயர். பெயரைக் கேட்டுப் பதறாதீர்கள். ஒரு கிராம் நிலக்கரித் தூளைத் தடித்த எஃகுக் கலத்தில் வைத்து, ஆக்சிஜனை அழுத்தி நிரப்பி, தண்ணீருக்குள் மூழ்கவைத்துப் பற்றவைப்பார்கள். தண்ணீரின் வெப்பநிலை இரண்டு டிகிரி போல ஏறும். அந்த ஏற்றத்தை எவ்வளவு துல்லியமாகப் படிக்கிறோமோ அவ்வளவுதான் கணக்கு. ஒரு கிலோ நிலக்கரி எவ்வளவு வெப்பம் தரும் என்பது இதிலிருந்து கிடைக்கும். 2012 முதல் நம் நாட்டு நிலக்கரியின் விலைத் தரமே இந்த எண்ணை வைத்துத்தான். பெரும்பாலும் 300 கிலோகலோரிக்கு ஒரு படி. இந்த ஆய்வக வேலைக்கு பி.எஸ்சி. வேதியியல் போதும். ஆனால் ஷிப்ட் உண்டு, தொடக்கச் சம்பளமும் குறைவு. ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இனி எதைப் படிப்பது? கெமிக்கல் இன்ஜினியரிங் என்பது பெரிய அளவு வேதியியல் அல்ல. முக்கால்வாசி கணக்கும் இயற்பியலும்தான். வேதியியல் பிடிக்கும், கணக்கு பிடிக்காது என்கிற பிள்ளைகள் அங்கே போய்த் தவிப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். கணக்கு அவளுக்குக் கைவந்தால் 1944இல் தொடங்கிய ஏ.சி. டெக்கை, அதாவது கிண்டி அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியை, முதல் விருப்பமாக எழுதுங்கள். திருவொற்றியூரிலிருந்து கிண்டிக்கு மெட்ரோவில் ரயில் மாறாமலே போகலாம். கட்-ஆஃப் 200இல் கணக்குக்கு மட்டும் 100 என்பதை மறக்க வேண்டாம். அவள் அரசுப் பள்ளி மாணவி என்பதால் 7.5 சதவீத இடஒதுக்கீட்டுக்கான சான்றை இப்போதே வாங்கிவையுங்கள். ஏதாவது ஒரு கல்லூரியில் ஏதாவது ஒரு கெமிக்கல் சீட்டு என்று பணம் கட்டி மட்டும் சேர்க்காதீர்கள்.

கணக்கு வரவில்லை என்றால் மாநிலக் கல்லூரியில் பி.எஸ்சி. சேரட்டும். பிறகு ஜாம் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. போகும் வழி இருக்கிறது. பி.எஸ்சி.யோடு நின்றுவிட நினைத்தால் மட்டும் என்னிடம் மறுபடி பேசுங்கள்.

அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் இருப்பேன். மார்க் ஷீட் வேண்டாம். ஹெஸ் விதிக் கணக்குகள் போட்ட அவளுடைய நோட்டைக் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள். தப்பாகப் போட்டு அடித்த பக்கங்களைக் கிழிக்காமல்.