கொக்கிளாய் வள்ளம்: பெயின்ரைப் பார்த்து எடுக்காதீர்கள்

தம்பி, 2020 டிசம்பர் புரெவிப் புயலில் அடிபட்டுக் கொக்கிளாய்க் கரையில் கிடக்கிற பாய்மர வள்ளத்தைச் சும்மா தருகிறார்கள், எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். பாய் கிழிந்ததையும் பாய்மரம் முறிந்ததையும் விடுங்கோ, அது கடைசி வேலை. முதலில் ஒரு பழைய திருப்புளியால் அடியில் ஓடும் ஏரா மரத்தையும் அதை ஒட்டிய பலகையையும், முக்கியமாக ஆணிகளுக்குப் பக்கத்தில், குத்திப் பாருங்கள். பாணுக்குள் இறங்குகிற மாதிரி இறங்கினால் பேசாமல் வீட்டுக்கு வாருங்கள். நான் நாயாற்றில் எடுத்த வள்ளத்துக்கு பெயின்ற் பளபளத்தது. ஆணியை விரலால் இழுத்தேன், துருத்தூளாக வந்தது!

மரம் உறுதி என்றால் சரி, உடனே கிடுகுக் கொட்டில் போட்டு ஈரச்சாக்கால் மூடுங்கள். வெயிலில் பலகை சுருங்கி இடைவெளி விரியும். அந்த நிலையில் தண்ணீர் புகாமல் இடைவெளிக்குள் பஞ்சை இறுக்கி அடைத்தால், தண்ணீரில் மரம் ஊதும்போது ஆணியே கழன்றுவிடும்.