களர் நிலத்தில் ஜிப்சம் போட்டும் மாற்றம் இல்லையே, ஏன்?

கேள்வி: என் ஒரு ஏக்கர் களிமண் நிலத்தில் தண்ணீர் இறங்காமல் நிற்கிறது, காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கிறது. மண் பரிசோதனையில் பி.எச். 9.4, மின்கடத்துதிறன் 0.9, அயனி மாற்றுத்திறன் 20, மாற்றத்தகு சோடியம் 30 சதவீதம். போன ஆண்டு 10 மூட்டை ஜிப்சம் தூவி உழுதேன், பலனில்லை. அடுத்து நெல் நடவேண்டும். சுண்ணாம்பு போட்டுப் பார்க்கலாமா?

பதில்: சுண்ணாம்பு வேண்டாம். அது அமில மண்ணுக்கு உரியது, பி.எச். 9.4 உள்ள மண்ணில் அது ஏறக்குறைய கரையவே கரையாது. உங்களுடையது சோடியம் மிகுந்த களர் நிலம்; அதற்கு ஜிப்சம்தான் மருந்து. அளவு போதவில்லை, தண்ணீரும் வடிகாலும் சேரவில்லை; அதனால்தான் பலன் தெரியவில்லை.

ஜிப்சம் என்பது கால்சியம் சல்பேட்டோடு நீர் சேர்ந்த கனிமம். சுத்தமானதில் கால்சியம் 23 சதவீதம், கந்தகம் 18 சதவீதத்துக்குச் சற்று மேல். நகத்தால் கீறினாலே கோடு விழும் அளவுக்கு மென்மை. பழங்காலக் கடல்களும் உப்பு ஏரிகளும் வற்றிய இடங்களில் படுகை படுகையாகக் கிடைக்கிறது. கடல்நீர் வற்றும்போது சமையல் உப்புக்கு முன்பே இது படிந்துவிடும். காரணம், கரைதிறன் குறைவு: ஒரு லிட்டர் நீரில் சுமார் 2.5 கிராம்தான் கரையும். வயலிலும் இதே குணம்தான். ஒரு டன் கரைய 4 லட்சம் லிட்டர், அதாவது ஒரு ஏக்கரில் 10 செ.மீ. உயரத் தண்ணீர் வேண்டும். களிமண் கால்சியத்தை உடனுக்குடன் பிடித்துக்கொள்வதால் களர் வயலில் இதைவிடக் கொஞ்சம் எளிதாகவே கரையும். ஆனால் காய்ந்த மண்ணில் தூவி உழுதால் கரையாமல் அப்படியே கிடக்கும்.

அளவைக் கணக்கிடுவோம். மாற்றுத்திறன் என்பது கால்சியம், சோடியம் போன்றவற்றை மண் பிடித்து வைக்கும் மொத்த அளவு; உங்கள் மண்ணில் அது 20 அலகு (100 கிராம் மண்ணுக்கு மில்லி ஈக்விவலன்ட்). அதில் 30 சதவீதம் என்றால் சோடியம் 6 அலகு. அதை 10 சதவீதத்துக்கு, அதாவது 2 அலகுக்குக் குறைக்க 4 அலகு வெளியேற வேண்டும். மேல் 15 செ.மீ. மண்ணில் ஓர் அலகுக்கு ஏக்கருக்கு சுமார் 780 கிலோ சுத்த ஜிப்சம், ஆக 3.1 டன். நெல் நடுவதால் முதல் ஆண்டில் இதில் பாதி போதும். நெல்லின் வேர் மேலாக ஓடுவது. அது வெளியிடும் கரியமில வாயு மண்ணில் ஏற்கெனவே உள்ள சுண்ணாம்பையும் கொஞ்சம் கரைத்துத் தரும். 70 சதவீதத் தரமுள்ள ஜிப்சம் என்றால் 2.2 டன் வாங்க வேண்டும். 50 கிலோ மூட்டையாக நீங்கள் போட்டது வெறும் அரை டன்.

வாங்கும்போது 2 மி.மீ. சல்லடையில் சலிந்து விழும் தூளாகப் பாருங்கள். ஒரு சிட்டிகையில் சில துளி அமிலம் விட்டு, பொங்கி நுரைத்தால் சுண்ணாம்புக் கலப்பு அதிகம் என்று அறியலாம்.

இறக்குவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். இரண்டு கண்ணாடித் தம்ளர்களில் மழைநீர் ஊற்றி, ஒன்றில் மட்டும் ஒரு சிட்டிகை ஜிப்சம் கலக்குங்கள். இரண்டிலும் சிறிது மண்ணைப் போட்டுக் கலக்கி, அசைக்காமல் ஒரு நாள் வையுங்கள். ஜிப்சம் இல்லாதது கலங்கியே நின்று, மற்றது தெளிந்தால் உங்கள் மண் ஜிப்சத்துக்கு வசப்படும். மண்ணைக் கலைத்து வைப்பது சோடியம், திரட்டி வைப்பது கால்சியம் என்பது அங்கேயே கண்ணுக்குத் தெரியும்.

முதலில் வடிகால் வெட்டுங்கள். மட்டமில்லாத வயலில் மேட்டுப் பகுதி சீராகாது, அதனால் சமன்படுத்தி வரப்பை உயர்த்துங்கள். ஜிப்சத்தைச் சீராகத் தூவி மேல் 10 செ.மீ. மண்ணில் மட்டும் கலக்குங்கள். ஆழமாகப் புரட்டினால் மருந்து நீர்த்துப்போகும். பிறகு 10 முதல் 15 செ.மீ. தண்ணீரைக் கட்டி, ஓரிரு நாள் நிற்கவிட்டு, தேங்கியதை வடித்துவிட்டு மறுபடி கட்டுங்கள். இப்படி மூன்று நான்கு முறை. கால்சியம் தள்ளிவிட்ட சோடியம், சோடியம் சல்பேட்டாகத் தண்ணீரில் நிற்கும். அது கீழிறங்கியோ வடிந்தோ போக வழியில்லையென்றால் வெயிலில் மறுபடி மேலேறும். செலவும் உழைப்பும் வீண்.

நடவுக்கு முன் ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட் இடுங்கள். களர் நெல்லில் துத்தநாகப் பற்றாக்குறை அநேகமாக வரும். முடிந்தால் பசுந்தாள் உரப் பயிரான தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் சமயத்தில் மடக்கி உழுங்கள்.

பாசன நீரையும் பரிசோதியுங்கள். எஞ்சிய சோடியம் கார்பனேட் (நீரில் கால்சியம், மெக்னீசியத்தை விட மிஞ்சி நிற்கும் கார்பனேட், பைகார்பனேட் அளவு) அதிகமுள்ள நீரைப் பாய்ச்சினால் நிலம் திரும்பவும் களராகும். அதில் ஓர் அலகை (லிட்டருக்கு ஒரு மில்லி ஈக்விவலன்ட்) குறைக்க, ஏக்கருக்கு 5 செ.மீ. பாய்ச்சும் ஒவ்வொரு முறையும் சுமார் 17 கிலோ சுத்த ஜிப்சம் தேவை. தொட்டியில் கட்டியாகப் போட்டு, நீர் அதன் வழியே ஓடுமாறு செய்யலாம்.

மீதிப் பாதி ஜிப்சத்தை இப்போதே வாங்கி அடுக்க வேண்டாம். அறுவடை முடிந்ததும் மண்ணை மீண்டும் பரிசோதித்து, சோடியம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்துக் கணக்கிடுங்கள்.