82 சதவீதம் என்றால் 18 சதவீதம் ஊனம் என்று அர்த்தமா?

தென்னாப்பிரிக்காவில் டர்பனின் சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு சகோதரி கேட்கிறார்: "அண்ணனுக்கு 46 வயது. மினிபஸ் டாக்சி விபத்தில் முட்டி உடைந்து, ஆபரேஷன் முடிந்து எட்டு மாதம். படி இறங்கினால் கால் மடங்கிவிடுகிறது. நஷ்டஈடு வாங்கித் தருகிறேன் என்று வரும் ஆள், தொடையில் கரண்ட் வைத்து டெஸ்ட் எடுக்க வைத்தார். 82 சதவீதம் வந்தது. 18 சதவீதம் ஊனம், கேஸ் ஜெயித்த மாதிரிதான் என்கிறார். நம்பலாமா?"

வேண்டாம்மா. டெஸ்ட் நிஜமானதுதான், அவர் போட்ட கணக்குதான் தப்பு.

நாற்காலியில் உட்காரவைத்து, கணுக்காலுக்கு மேலே பட்டை கட்டி, முழு பலத்தோடு உதைக்கச் சொல்வோம். உதைத்துக்கொண்டிருக்கும்போதே தொடையில் ஒரு சொடுக்கு கரண்ட். மூளை தசையை முழுசாக வேலை வாங்கியிருந்தால் கரண்டுக்கு மிச்சம் எதுவும் இருக்காது. மிச்சமிருந்தால் திரையில் கோட்டின் மேல் சின்னதாக ஒரு மேடு துள்ளும். அப்புறம் காலைத் தளரவிட்டு அதே சொடுக்கு. மேட்டின் உயரம் தளர்ந்த காலில் 50, உதைக்கும்போது 9 என்றால் 18 சதவீதம் எழுப்பப்படாமல் கிடக்கிறது, மீதி 82. மெர்ட்டன் என்ற ஆய்வாளர் 1954-இல் கட்டைவிரல் தசையில் செய்து காட்டிய முறை இது.

அந்த 18, இருக்கும் தசைக்குள் தூங்குகிற பங்கு. இழந்த பங்கு அல்ல. தொடை பாதியாக வற்றிய ஆளுக்குக்கூட 98 வரலாம். முட்டிக்குள் நீர் கோத்தாலே தண்டுவடம் தொடையை அடக்கிவிடும். நல்ல முட்டியில் உப்புநீர் ஏற்றிப் பார்த்தபோதும் அதுதான் நடந்தது. அண்ணன் சோம்பேறி இல்லை.

ஆனால் அரைமனதாக உதைத்தாலும் எண் இறங்கும். "ரொம்ப முக்காதே" என்று அந்த ஆள் காதில் ஓதியிருந்தால் ரிப்போர்ட்டே வீண். மூன்று நான்கு தடவை உதைக்க வைத்து, ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறதா என்று பார்த்தார்களா, கேளுங்கள்.

"நல்ல காலோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடுமே" என்று அடுத்து சொல்வார்கள். அது எல்லா நேரமும் சரிவராது. ஒரு முட்டியில் அடிபட்டால் மறு தொடையின் இயக்கமும் குறைவது உண்டு. நல்ல காலும் 88 காட்டினால் வித்தியாசம் ஆறுதான், பிரச்சினையே இல்லை என்று எதிர்த்தரப்பு சொல்லும். இதில் ஏமாந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் மறு காலை மட்டும் அளவுகோலாக வைக்க விடாதீர்கள். அந்த வயதில் அடிபடாதவர்களுக்கு இதே கருவியில் என்ன வருகிறது என்றும் கேளுங்கள். நல்ல தொடைகள் பெரும்பாலும் 90-க்கு மேல்தான்.

சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்கு நஷ்டஈடு தரும் அரசு அமைப்பான சாலை விபத்து நிதி பார்க்கும் எண் வேறு. வலி வேதனைக்கான தொகைக்கு, முழு உடலுக்கான பாதிப்பு 30 சதவீதமோ அதற்கு மேலோ என்று பதிவுபெற்ற டாக்டர் படிவத்தில் எழுதவேண்டும். அதற்குக் கீழே என்றால் காயம் கடுமையானது என்று வேறு வகையில் காட்டவேண்டும். உங்கள் 18-ஐ அதோடு ஒப்பிடவே முடியாது. 30 தாண்டுமா என்று எண்ணத் தெரிந்த ஏற்பாட்டுக்கு, பிசியோவுக்கு உரிய நேரத்தில் தேதி கொடுக்கத் தெரியவில்லை. தேதி வருவதற்குள் தொடை குச்சியாகிவிடுகிறது.

இன்னொன்று. அந்த ஆளுக்கு நஷ்டஈட்டில் பங்கு என்று எதிலாவது கையெழுத்துப் போட்டீர்களா? வக்கீல் அல்லாதவருக்குப் பங்கு தருவதாக ஒப்பந்தம் செய்திருந்தால், விபத்து நிதிச் சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி நிதி பணம் தரவேண்டியதே இல்லை. போட்டிருந்தால் இந்த வாரமே வக்கீலைப் பாருங்கள். ஜெயித்தால்தான் கட்டணம் என்னும் வக்கீலும் கிடைத்த தொகையில் 25 சதவீதத்துக்கு மேல் எடுக்கக்கூடாது. வக்கீல் இல்லாமல் நேராகவும் விண்ணப்பிக்கலாம்.

அண்ணனின் முட்டி வீங்கியிருக்கிறதா என்று முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். பயிற்சிக்கு முன் 20 நிமிடம் துணியில் சுற்றிய ஐஸ் வைத்தால் தொடை கொஞ்சம் சொன்னபடி கேட்கும். டெஸ்ட் எடுத்த இடத்தில் எண்ணோடு நிற்காமல் கோடு வரைந்த தாளையும் வாங்கிக்கொள்ளுங்கள்.